'என்னப்பா... ப்ளேஸ் ஆகிட்டியா?'

கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், சலூனில் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கும்போது, ரேஷன் கடை க்யூவில், ஏன்... துக்க வீட்டில்கூட! ஃபைனல் இயர் பசங்களை விடாமல் துரத்துற கேள்வி இது. கேக்குறவங்களுக்கு இது 'சாப்டாச்சா?' மாதிரி சும்மா ஒரு விசாரிப்பு. பதில் சொல்றவனுக்குத்தான் வயித்துக்குள்ள கிரைண்டர் ஓடும்!

அடியேன் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். அடுத்த செமஸ்டர் தொடங்கினதும் எங்க காலேஜ் வாசலில் 'வெல்கம்' பேனர்கள் தொங்க ஆரம்பிச்சிரும். வர்ற கம்பெனிகளில் முக்கால்வாசி சாஃப்ட்வேர். எட்டு செமஸ்டரா தெர்மோடைனமிக்ஸோட மல்லுக்கட்டினவன், ஆப்டிட்யூட் ஹாலில் உட்கார்ந்து 'ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை நொடி?'ன்னு கணக்குப் போடணும். அதில் தேறினவங்களுக்குக் கேக் வெட்டுவாங்க. தேறாதவங்களுக்கு? 'ஆஃப் கேம்பஸ் ட்ரை பண்ணு மச்சி'ன்னு ஒத்தை வரி ஆறுதல். எப்படி ட்ரை பண்றதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை. அதனால், வேலை வாங்கின சீனியர்கள், ஆள் எடுக்குற ஹெச்.ஆர். அக்காக்கள், பட்டறை வைத்திருக்கும் முதலாளி அண்ணன்கள்னு ரவுண்டு கட்டி விசாரிச்சோம். கொஞ்சம் புத்தகத்தையும் புரட்டினோம். சிக்கின சங்கதிகள் இதோ!

ஓடுது பாஸ் கடிகாரம்!

முதல்ல ஒரு கசப்பான கணக்கு. கல்விக் கடன் வாங்கிப் படிக்கிறவங்களுக்கு, படிக்கிற காலம், அதுக்கு மேல ஒரு வருஷம்... அதுவரைக்கும்தான் பெரும்பாலான வங்கிகள் தவணை கேக்காமப் பொறுமையா இருக்கும். (வட்டி என்னமோ அந்தப் பக்கம் தன்பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்!) அதே ஒரு வருஷம் இன்னொரு விதத்திலும் முக்கியம். ஃப்ரெஷர் வேலைக்கான அறிவிப்புகளில் நிறைய இடத்தில் 'இந்த வருஷம் முடிச்சவங்க மட்டும்'னு போட்டிருப்பாங்க. அடுத்த பேட்ச் வெளியே வந்துட்டா, நீங்க 'பழைய பேட்ச்'. ஆக, கடைசிப் பரீட்சை முடிஞ்ச நாளில் இருந்து 12 மாசம்தான் கையில் இருக்கிற சரக்கு. 'ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டுத் தேடுவோம்'னு சொல்ற மகராசன்களே... அது உங்க சரக்கில் ஆறில் ஒரு பங்கு!

கேம்பஸில் ஆஃபர் வாங்கினவங்களும் காலை நீட்டித் தூங்க முடியாது. 2022-ல் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் ஆஃபர் லெட்டர் வாங்கின சிலர், 'எப்ப வரச் சொல்வாங்க?'ன்னு மெயில் பாக்ஸைப் பார்த்துப் பார்த்தே ரெண்டு வருஷம் ஓட்டின கதை பேப்பரில் எல்லாம் வந்துச்சு. கையில் ஆஃபர் இருந்தாலும், சேர்ற தேதி வர்ற வரைக்கும் தேடுறதை நிறுத்தாதேன்னுதான் எங்க சீனியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்றாங்க.

நெருங்கின நண்பனைவிட 'ஹாய்-பை' நண்பன்!

'எல்லாம் ரெக்கமண்டேஷன்தான்டா. நமக்கு யார் இருக்கா?' ஹாஸ்டல் மொட்டை மாடியில் தினமும் ஒரு தடவையாவது கேக்குற வசனம் இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கு.

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர். பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் நியூட்டன்கிற ஊரில், புதுசா வேலை மாறினவங்களைத் தேடிப் பிடிச்சு, 'இந்த வேலை இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?'ன்னு விசாரிச்சார். 1973-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களில், அந்தத் 'தெரிஞ்சவரை' அடிக்கடி பார்க்கிறவங்க வெறும் 16.7 சதவிகிதம்தான். எப்பவாவது பார்க்கிறவங்க 55.6 சதவிகிதம். அபூர்வமா, வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் குறைவாவோ பார்க்கிறவங்க 27.8 சதவிகிதம்! 'நண்பர் மூலமா கிடைச்சுதா?'ன்னு கேட்டப்போ, 'நண்பர்லாம் இல்லை, சும்மா தெரிஞ்சவர்'னு பல பேர் திருத்திச் சொன்னாங்களாம்.

காரணம் ரொம்ப சிம்பிள். உங்க உயிர் நண்பனுக்குத் தெரிஞ்ச வேலை எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரே க்ளாஸ், ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே டீக்கடை. அவனும் வேலை தேடிக்கிட்டுத்தான் இருப்பான். ஆனா, ரெண்டு வருஷம் முன்னாடி சிம்போசியத்தில் உங்களோட சேர்ந்து பேனர் கட்டின சீனியர், இப்ப ஓசூரில் வேற ஒரு உலகத்தில் இருப்பார். அங்கே நடக்கிற சங்கதி அவர் மூலமாத்தான் இந்தப் பக்கம் வந்து சேரும்.

'அது அந்தக் காலத்து அமெரிக்கா பாஸ்'னு சொல்றவங்களுக்கு லேட்டஸ்ட் சரக்கும் இருக்கு. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்துச்சு. லிங்க்ட்இனில் இருக்கிற 2 கோடிப் பேரை வைத்து, 5 வருஷம் நடந்த சோதனைகளை அலசியிருந்தாங்க. 'இவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்'னு காட்டுமே, அந்தப் பட்டியலை ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திக் காட்டி, யாருக்கு வேலை கிடைக்குதுன்னு பார்த்திருக்காங்க. ஓரளவு லேசான பழக்கம்தான் வேலை மாறுறதுக்கு ரொம்ப உதவுதுன்னு ரிசல்ட். சுத்தமா அறிமுகமே இல்லாத மாதிரியான பழக்கமும் சரி, ரொம்ப நெருங்கின பழக்கமும் சரி, அந்த அளவு உதவலை.

இதில் ஒரு ட்விஸ்ட்டும் இருக்கு. கம்ப்யூட்டர் சார்ந்த துறைகளில்தான் இந்த லேசான பழக்கம் கூடுதலா வேலை செய்யுது. அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் புகாத துறைகளில் நெருங்கின பழக்கம்தான் கை கொடுக்குதாம். கோடிங் பக்கம் போறவங்க ஹாய்-பை நண்பர்களை நம்புங்க. எங்களை மாதிரி மெஷின் ஷாப் பார்ட்டிகள், 'அம்பத்தூரில் எனக்கு ஒருத்தரைத் தெரியும்'னு சொல்ற மாமாவை இளக்காரமா பார்க்காதீங்க!

சரி, மாமாவே இல்லாதவங்க? அங்கேதான் உண்மையான சிக்கல். 'முதல் பட்டதாரி' சலுகை 2010-11 கல்வியாண்டில் இருந்து தமிழ்நாட்டில் இருக்கு. அந்தச் சான்றிதழோட உள்ளே வந்த எத்தனையோ பேரோட வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போனவங்க யாருமே கிடையாது. கட்டணத்தில் சலுகை தரலாம், 'தெரிஞ்சவங்க'ளை எந்த அரசாணை போட்டுத் தர முடியும்? ரெக்கமண்டேஷன் கலாசாரத்தில் முதல்ல அடிபடுறது இவங்கதான். இது நியாயம் இல்லைதான். ஆனா, 'தெரிஞ்சவங்க' பிறப்பிலேயே வர்ற சொத்து மட்டும் இல்லை, சம்பாதிச்சுக்கவும் முடியும்கிறதுதான் விசாரிச்சதில் கிடைச்ச நல்ல சேதி.

எங்கே போய்ச் சம்பாதிக்கிறது? டிபார்ட்மென்ட் ஆபீஸ் பீரோவில் பழைய பேட்ச் பட்டியல் தூங்கிக்கிட்டு இருக்கும். ஹெச்.ஓ.டி-கிட்ட கேட்டு, உங்க ஊர்க்காரங்க, உங்க பஸ் ரூட்டில் வந்தவங்க யாருன்னு பாருங்க. ஒர்க்‌ஷாப் லேப் அசிஸ்டென்ட் அண்ணனை விட்ராதீங்க. புரொஃபஸர்களைவிட அவருக்குத்தான் பழைய மாணவர்கள் நிறைய பேர் போன் பண்ணுவாங்க, ஆயுத பூஜைக்கு வந்து பார்ப்பாங்க. இன்பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்தில் உங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டின இன்ஜினீயர், புராஜெக்ட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்த லேத் ஒர்க்‌ஷாப்காரர்... எல்லாருமே கணக்கில் வருவாங்க.

'அண்ணா, ஏதாவது வேகன்சி இருக்கா?'

இந்த மெசேஜுக்கு ஏன் பதிலே வர்றதில்லைன்னு வேலையில் இருக்கிற சீனியர் ஒருத்தர்கிட்ட கேட்டோம். 'இருக்கு'ன்னு சொல்ற அதிகாரம் அவருக்குக் கிடையாது. 'இல்லை'ன்னு சொல்லவும் மனசு வராது. அதனால் 'அப்புறம் பார்ப்போம்'னு தள்ளிவெச்சு, கடைசியில் மறந்தே போயிடுறாராம். அவரால் பதில் சொல்ல முடியுற கேள்வியாக் கேட்டாப் போதும். உதாரணத்துக்கு இப்படி...

'அண்ணா, நான் நம்ம காலேஜ், மெக்கானிக்கல், உங்களுக்கு மூணு பேட்ச் ஜூனியர். க்வாலிட்டி பக்கம் வேலை தேடுறேன். உங்க பிளான்ட்டில் ஃப்ரெஷரை எந்த மாசம் எடுப்பாங்க, டெஸ்ட்டில் எதில் இருந்து கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கணும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பண்ணலாமா?'

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே சங்கதிதான். நீங்க யார், என்ன வேணும், அவர் எவ்வளவு நேரம் தரணும்... மூணும் முதல் மெசேஜிலேயே இருக்கு. 'ஹாய் ப்ரோ'ன்னு ஒண்ணைத் தட்டிட்டு, அவர் 'சொல்லு'ன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கிற பழக்கத்தை இன்னிக்கே மூட்டை கட்டுங்க. பேசி முடிச்சதும், அவர் சொன்னதில் எதைச் செஞ்சீங்கன்னு ஒரு வாரம் கழிச்சு ரெண்டு வரி அனுப்புங்க. ரெஸ்யூமை ஆஃபீஸில் கொடுக்கிறதா இல்லையான்னு அவர் முடிவு பண்றது பெரும்பாலும் அந்த ரெண்டாவது மெசேஜுக்கு அப்புறம்தான். இதில் கூச்சப்படவும் ஒண்ணும் இல்லை. நிறைய கம்பெனிகளில் ஆள் சேர்த்துவிடுற ஊழியருக்குத் தனியா போனஸே கொடுக்கிறாங்க. அவர் உங்களுக்குத் தர்மம் பண்ணலை பாஸ்!

ரெஸ்யூம்... சுருக்கமா!

இதைப் பத்தி ஊரே எழுதியாச்சு. அதனால் ஓட்டமா ஓடிர்றேன். 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள...'ன்னு ஆரம்பிக்கிற அப்ஜெக்டிவ் வரி, க்ளாஸில் 60 பேர் ரெஸ்யூமிலும் இருக்கு. தூக்குங்க. அப்பா பேர், மதம், கல்யாணம் ஆயிடுச்சா, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' உறுதிமொழி எல்லாமே இடத்தை அடைக்கிற சமாசாரம். பெரிய கம்பெனிகளில் உங்க ரெஸ்யூமை முதல்ல படிக்கிறது மனுஷன் இல்லை, சாஃப்ட்வேர். ரெண்டு பத்தி, டேபிள், கலர் கலரா ஸ்டார் போட்ட ஸ்கில் மீட்டர்னு டிசைன் பண்ணா, சில சாஃப்ட்வேர்களுக்கு எது பேரு, எது மார்க்குனே புரியாது. ஒரே பத்தி, சாதா எழுத்து, தேடினா எழுத்து சிக்குற பி.டி.எஃப். போதும். 'ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 3'னு ஃபைல் பேர் வைக்காம, உங்க பேரையும் டிபார்ட்மென்ட்டையும் வையுங்க.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் செலவழிக்கலாம். அது புராஜெக்ட். 'சோலார் கார் செய்தோம்'னு போட்டா பத்தாது. டீமில் நாலு பேர் இருந்திருப்பீங்க. நீங்க என்ன செஞ்சீங்க? சேஸிஸ் டிசைனா, வெல்டிங்கா, இல்லை ஸ்பைரல் பைண்டிங் போடப் போனீங்களா? இன்டர்வியூவில் அஞ்சாவது நிமிஷத்தில் இந்த உண்மை வெளியே வந்துரும்கிறார் ஒரு ஹெச்.ஆர். அக்கா. ஏன் அந்த மெட்டீரியல், ஏன் அந்தத் தடிமன், முதல் தடவை எங்கே உடைஞ்சுது... இதுக்குப் பதில் வச்சிருக்கிறவங்களிடம் மேற்கொண்டு பேச அவங்களுக்கே ஆசையா இருக்குமாம்.

எங்கே ஒழுகுதுன்னு பாருங்க

'நூறு இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன், ஒண்ணும் வரலை' இதுவும் மொட்டை மாடி வசனம்தான். எந்த நூறுன்னு கேட்டா தெரியாது. படுத்துக்கிட்டே போனில் 'அப்ளை' பட்டனைத் தட்டினது எல்லாம் அந்த நூறில் சேர்த்தி.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தேதி, கம்பெனி, வேலை, எப்படித் தெரிஞ்சுது, யாருக்கு அனுப்பினீங்க, என்ன ஆச்சு. இவ்வளவுதான் கோடு. ஒரு மாசம் கழிச்சு நோட்டைப் பிரிச்சா, பைப் லைனில் எந்த ஜாயின்ட் ஒழுகுதுன்னு தெரியும். அனுப்பினதில் ஒண்ணுக்குக்கூட அழைப்பு வரலையா? ஒழுகல் ரெஸ்யூமில், இல்லை உங்களுக்குத் தகுதியே இல்லாத வேலைகளுக்கு அனுப்புறீங்க. அழைப்பு வந்து, டெஸ்ட்டிலேயே நிக்குதா? அப்ப ரெஸ்யூமை இன்னும் இருபது தடவை மாத்தி பிரயோஜனம் இல்லை, ஆப்டிட்யூட் புத்தகத்தை எடுங்க. டெஸ்ட் தாண்டி டெக்னிக்கலில் போகுதா? பேஸிக்ஸ். ஹெச்.ஆர். ரவுண்டில் போகுதா? பேசிப் பழகணும். ஒரு இடத்தில் ஒழுகுறதுக்கு இன்னொரு இடத்தில் எம்-சீல் வைக்கிறதுதான் நம்ம பசங்க பண்ற பெரிய காமெடி.

'எப்படித் தெரிஞ்சுது?'ங்கிற கோடு ரொம்ப முக்கியம். அழைப்பு வந்த வரிகளில் மட்டும் அந்தக் கட்டத்தைப் பார்த்தீங்கன்னா, அடுத்த மாசம் நேரத்தை எங்கே போடணும்னு அதுவே சொல்லிரும்.

பேட்டையில் ஒரு ரவுண்டு!

இப்ப எனக்குப் பிடிச்ச ஏரியா. 1958-ல் தொடங்கின கிண்டி தொழிற்பேட்டை, 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதுக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் குறிச்சி... இங்கெல்லாம் கார் கம்பெனிக்கு பிராக்கெட் செய்றவங்க, அந்த பிராக்கெட் செய்றவங்களுக்கு டை செய்றவங்கன்னு அடுக்கடுக்கா சின்னச் சின்ன யூனிட்டுகள் இருக்கு. இதில் நிறைய பேர் ஆன்லைனில் விளம்பரமே கொடுக்கிறதில்லை. கொடுத்தா காசு. கொடுத்துட்டா, சம்பந்தமே இல்லாத ஆயிரம் மெயில் வந்து விழும், பிரிச்சுப் பார்க்கத் தனியா ஆள் போடணும். அதனால் அவங்க வழி வேற. கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு, இல்லைன்னா இருக்கிற ஆளிடமே 'உனக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா கூட்டிட்டு வா'.

இங்கே ரெஸ்யூமைக் கையில் எடுத்துக்கிட்டு நேரில்தான் போகணும். முதல் ஹெச்.ஆர்., கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அண்ணன். அவரிடம் மரியாதையாப் பேசி, 'ப்ரொடக்‌ஷன் இல்லைன்னா க்வாலிட்டி பார்க்கிற சார் யாருங்கண்ணா, எப்ப வந்தாப் பார்க்கலாம்?'னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. மாசக் கடைசியில் போயிராதீங்க. டிஸ்பேட்ச் நெருக்கடியில் அத்தனை பேரும் வெந்துக்கிட்டு இருப்பாங்க. மாசத்தில் ரெண்டாவது வாரம், சாயங்கால டீ நேரம் தோதுன்னு பேட்டையில் இருக்கிற சீனியர்களோட டிப்ஸ்.

உள்ளே கூப்பிட்டா என்ன நடக்கும்? 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' எல்லாம் கிடையாது. டேபிளில் இருக்கிற டிராயிங்கைத் தள்ளி, 'இது ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா?'ன்னு கேப்பாங்க. நாம காலேஜில் வரைஞ்சது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க கஸ்டமர் அனுப்புற டிராயிங் பெரும்பாலும் தேர்ட் ஆங்கிள். மாத்திப் படிச்சா ஓட்டை எதிர்ப் பக்கம் விழுந்துரும்! அடுத்து ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுப்பாங்க. லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர்னு மனப்பாடமா ஒப்பிச்சா போதாது, அளந்து காட்டணும். டிகிரி வாங்கியும் இதைத் திருப்பத் தெரியாதவங்கதான் அதிகம்னு ஒரு முதலாளி அண்ணன் அலுத்துக்கிட்டார். ஃபைனல் இயரில் லேப் காலியா இருக்கிற நேரத்தில் ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்தாப் போதும், இதில் தேறிரலாம்.

சம்பளம்? ஐ.டி-யோட ஒப்பிட்டா மனசு உடையும். ஷிஃப்ட், பஸ், எண்ணெய்க் கறை எல்லாம் உண்டு. அதை மறைச்சு 'கோர் கம்பெனிதான் கெத்து'ன்னு சொல்ல நான் தயாரில்லை. ரெண்டு வருஷம் மெஷினோட பழகிட்டு, பெரிய பிளான்ட்டுக்கு மாறினவங்களும் இருக்காங்க. அங்கேயே தேங்கிப் போய் மறுபடி கோடிங் கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க.

பேட்டையில் தெருத் தெருவாச் சுத்த முடியாதவங்களுக்கு ஒரு குறுக்கு வழி, தொழிற்கண்காட்சி. அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'ஆக்மி'ங்கிற மெஷின் டூல் கண்காட்சி நடத்துது. கோயம்புத்தூரில் கொடிசியா நடத்துறது 'இன்டெக்'. நாம வழக்கமா இலவசப் பையும் பேனாவும் வாங்க மட்டும்தான் போவோம்! இந்த தடவை ஸ்டால் பட்டியல் புத்தகத்தை வாங்குங்க. எந்தக் கம்பெனி என்ன செய்யுது, எந்த ஊர், யாரைத் தொடர்புகொள்ளணும்னு அத்தனையும் அதில் இருக்கும். இதைவிட நல்ல 'கம்பெனி லிஸ்ட்' எந்த ப்ளேஸ்மென்ட் செல்லிலும் கிடைக்காது. ஸ்டாலில் நிக்கிறவர் மெஷினைப் பத்திச் சொல்லத்தான் வந்திருக்கார். அதனால் மெஷினைப் பத்தியே கேளுங்க, வேலையைப் பத்தி அப்புறம். மாணவர்களுக்குத் தனி நேரம் இருக்கான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கங்க.

அப்ரன்டிஸ்னா மட்டமா?

'பி.இ. படிச்சுட்டு அப்ரன்டிஸா?'ன்னு மூக்கைச் சுருக்குறவங்க கொஞ்சம் இங்கே வாங்க. 1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டத்தில், 1973-ல் திருத்தம் கொண்டுவந்து இன்ஜினீயரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரங்களையும் சேர்த்தாங்க. ஒரு வருஷப் பயிற்சி. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் நம்ம சென்னை தரமணியில்தான் இருக்கு. விண்ணப்பம் 'நாட்ஸ்' போர்ட்டலில். மத்திய, மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் இது வழியா எடுக்குறாங்க.

தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விதி ஒண்ணு. 2019 விதிமுறைப்படி, 30 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம், தன் ஆட்களில் 2.5-ல் இருந்து 15 சதவிகிதம் வரைக்கும் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகணும். ஆக, 'வேகன்சி இல்லப்பா'ன்னு சொல்ற கேட்டில், 'கிராஜுவேட் அப்ரன்டிஸ் எடுக்கிறீங்களா சார்?'னு ரெண்டாவது கேள்வி கேட்கலாம். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருது, அதனால் அவங்களுக்கும் லாபம்தான். பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாசம் 9,000 ரூபாய்னு 2019-ல் வச்சாங்க. அதை உயர்த்தச் சொல்லி 2025-ல் மத்திய அப்ரன்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரை பண்ணிச்சு. அதனால் அறிவிப்பில் போட்டிருக்கிற தொகையைப் பார்த்துக்கங்க. பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு சட்டம் கிடையாது. ஏற்கெனவே ஒரு வருஷம் வேலை பார்த்தவங்களை அப்ரன்டிஸா சேர்க்கவும் மாட்டாங்க. ரெண்டையும் மனசில் வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொரு இலவசம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். அப்பா காலத்துப் பதிவு அட்டை ஞாபகம் வருதா? அது இப்பவும் உண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஆனா, அங்கேயே தனியார் கம்பெனிகளை வரவழைச்சு வேலைவாய்ப்பு முகாமும் நடத்துறாங்கன்னு எங்க க்ளாஸில் பாதிப் பேருக்குத் தெரியலை. 2020-ல் இருந்து தமிழக அரசோட தனியார் துறை வேலை இணையதளமும் இருக்கு. எல்லாமே பைசா செலவில்லாம.

பணம் கேட்டா... ஓடுங்க!

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 1,500, யூனிஃபார்முக்கு 3,000, 'பேக் டோர்' என்ட்ரிக்கு ரெண்டு லட்சம். ரேட் மாறும், கதை மாறாது. ஒழுங்கான கம்பெனி, ஆள் எடுக்க ஆளிடமே காசு வாங்காது. மெயில் முகவரி கம்பெனியோட சொந்த டொமைனில் இருக்கா, கம்பெனியோட வெப்சைட்டில் அந்த வேலை இருக்கான்னு பாருங்க. முடிஞ்சா லேண்ட்லைனுக்குப் போட்டு விசாரிங்க. பணம் போயிடுச்சுன்னா 1930-க்கு உடனே அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அவ்வளவு தூரம் அதை முடக்க வாய்ப்பு இருக்கு.

வெளிநாடுன்னா இன்னும் உஷார். 2022-ல், தாய்லாந்தில் ஐ.டி. வேலைன்னு நம்பிப் போன இந்தியப் பசங்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை பார்க்கச் சொல்லி அடிச்சாங்க. மீண்டு வந்தவங்களில் தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. டேட்டா என்ட்ரிக்கு அத்தனை டாலர் சம்பளமா, டூரிஸ்ட் விசாவில் போகச் சொல்றாங்களா... அங்கேயே பிரேக் போடுங்க. ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு வெளியுறவு அமைச்சகத்தோட 'இ-மைக்ரேட்' தளத்தில் வீட்டில் இருந்தே பார்க்கலாம்.

ஆஃபர் லெட்டரைப் படிங்க, ப்ளீஸ்!

லெட்டர் கையில் வந்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம், ரெண்டாவது பக்கத்தைப் புரட்டுறதில்லை. சி.டி.சி-ன்னு போட்டிருக்கிறது கைக்கு வர்ற சம்பளம் இல்லை. நம்ம பி.எஃப். பிடித்தம் போக, கம்பெனி தன் பங்காக் கட்டுற பி.எஃப். தொகையையும் பெரும்பாலும் அதிலேயே சேர்த்திருப்பாங்க. கிராஜுவிட்டி கணக்கும் இருக்கும். நிரந்தர ஊழியருக்கு அது பொதுவா அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் கைக்கு வரும். இன்சூரன்ஸ் பிரீமியம், 'பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்து'ன்னு ஒரு தொகை. எல்லாத்தையும் கழிச்சுட்டு, 'மாசம் எவ்வளவு அக்கவுன்ட்டில் வரும் மேடம்?'னு நேராக் கேட்கலாம், தப்பே இல்லை. லோன் தவணை, பி.ஜி. வாடகை, மெஸ் எல்லாம் அந்த நம்பரில் இருந்துதானே போகப்போகுது?

அப்புறம் பாண்ட். 'கோர்ட்டில் செல்லாது மச்சி, சைன் பண்ணிட்டுப் போ'ன்னு ஹாஸ்டல் வக்கீல்கள் சொல்வாங்க. நம்பாதீங்க! மூணு வருஷத்துக்கு முன்னாடி போனா ரெண்டு லட்சம் கட்டணும்னு ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை, 2025 மே மாசம் உச்ச நீதிமன்றத்தில் செல்லும்னு தீர்ப்பாச்சு. அந்த வழக்கோட சூழ்நிலையில் சொன்னதுதான், எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்திரும்னு அர்த்தமில்லை. ஆனா, எத்தனை வருஷம், எவ்வளவு பணம், கம்பெனியே அனுப்பினா என்னன்னு மூணையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டுப் போகச் சொன்னா, சரிபார்த்துட்டு உடனே திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்க. வாங்கியே வச்சுக்கிற இடங்களில் மாட்டிக்கிட்டவங்க, அடுத்த இன்டர்வியூவுக்கு ஜெராக்ஸோட போய்த் திண்டாடுறாங்க.

எங்க செட்டில் ஆறு பேர் சேர்ந்து இப்பவே ஒரு நோட்டு போட்டிருக்கோம். ஆளுக்கு ஒரு பேட்ச்னு பிரிச்சு, பழைய மாணவர்களைத் தேடிக்கிட்டு இருக்கோம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் தன் போனில் இருந்து 11 நம்பர் கொடுத்திருக்கார். அதில் ஒருத்தர் ஓசூர், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கார்.